தோய்த்து எடுத்த போர்டில் கோளாறா? அடையாளத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஏசியின் வெளி யூனிட்டைக் கழற்றினால் உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் போர்ட் உப்புப் பூத்துப்போய்க் கிடக்கும். கடல், ரயில் பாதை, மரைன் டிரைவ், அதற்கடுத்து வீடு. உப்புக் காற்றைத் தடுக்க நடுவில் ஒன்றுமில்லை. ஏசி, கேற் மோட்டர், தண்ணீர்ப் பம்ப் என்று வெளியில் நிற்கிற எதனுடைய போர்டுக்கும் இந்த ஊரில் ஒரு காப்புப் பூச்சு வேண்டும். கொன்ஃபோமல் கோட்டிங் என்று கடையில் கேட்டால் தருவார்கள். சில போர்ட்கள் பூசித்தான் வருகின்றன. ஆனால் திருத்த வேலை செய்த இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும், திரும்பப் பூசத்தான் வேண்டும்.

தூரிகையால் தடவலாம், ஸ்ப்ரே அடிக்கலாம். நான் தோய்த்து எடுக்கிற ஆள். தோய்த்தால் ஐசியின் வயிற்றுக்கடி வரைக்கும் பூச்சு மருந்து போய்ச் சேரும். போகக்கூடாத இடத்துக்கும் அதே சுறுசுறுப்போடு போகும் என்பதுதான் தொல்லை. எங்களிடம் இருப்பது ஆழமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி ஒன்று, அதற்கு மேலே சின்னக் கியர் மோட்டர், அதில் சுற்றிய தூண்டில் நரம்பு. நரம்பின் நுனியில் போர்ட் தொங்கும். நிமிடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் இறங்கும், அதைவிட மெதுவாக ஏறும். அவ்வளவுதான் இயந்திரம்.

முதலில் இரண்டு எச்சரிக்கை. இன்வேர்ட்டர் ஏசி போர்டைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவில், சிலவற்றில் அதைவிடக் கூடவும் நிற்கலாம். மீற்றர் வைத்துப் பார்த்து, மின்தடை மூலம் இறக்கிய பிறகே கையில் எடுங்கள். அடுத்தது, அக்ரிலிக் மருந்தும் தின்னரும் பற்றக்கூடியவை. அவற்றின் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு படர்ந்து போகும். தொட்டி இருக்கிற அறையில் அடுப்பும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். போர்டைச் சமையலறை அவனில் உலர்த்துகிற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

கோளாறு தெரிந்தவுடன் பலரும் செய்வது இன்னொரு தரம் தோய்ப்பது. செய்யாதீர்கள். மேலே இன்னொரு படை ஏறினால் காரணம் அடியில் புதைந்துவிடும், பிறகு கண்டுபிடிக்க முடியாது. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கோளாறு எந்த இடத்தில், எத்தனை நாளில் வந்தது, தோய்த்த அன்று வெளியே வானம் எப்படி இருந்தது என்று முதலில் யோசியுங்கள்.

படலம் பால்போல வெளுத்துவிட்டது

காலையில் தோய்த்தது கண்ணாடி மாதிரி இருக்கும். அதே தொட்டியில் மத்தியானம் தோய்த்தது தேங்காய்ப்பால் விட்டதுபோல வெளுத்திருக்கும். மருந்து பழுதாகவில்லை. மழைக்கு முந்திய புழுக்கம்தான் காரணம்.

தின்னர் ஆவியாகும்போது வெப்பத்தைப் போர்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது, மேற்பரப்பு குளிர்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். காற்று 30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. படலம் வெறும் 4 பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் அதன்மேல் படியத் தொடங்கும், ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல. ஈரப்பதன் 60 வீதமாக இருந்தால் பனிபடுநிலை 21 பாகை சொச்சம், கைவசம் எட்டுப் பாகைக்கு மேல் இடைவெளி கிடைக்கும். கொழும்பில் தை மாசியில் இது கிடைக்கலாம். ஐப்பசி மழைக்காலத்தில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பட்டறைக்கு வேலை பழக வந்த தம்பி ஒருநாள், "கெதியாக் காயட்டும் அண்ணா" என்று மேசைக் காற்றாடியைத் தொங்கிய போர்ட்களின் பக்கம் திருப்பி வைத்தான். பத்து நிமிடத்தில் ஆறும் வெளுத்தன. காற்று அடித்தால் தின்னர் வேகமாகப் பறக்கும், வேகமாகப் பறந்தால் கூடக் குளிரும். நல்ல மனசோடு செய்த காரியம்தான், ஆனால் ஆறையும் கழுவ வேண்டியதாகிப் போனது.

இன்னொரு பொறி ஏசி அறை. 23 பாகை அறையில் கழுவி வைத்த போர்டை அப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்தால், அது பனிபடுநிலைக்குக் கீழேயே இருக்கிறது. தொட்டியில் இறங்கும் முன்னரே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் ஏறிவிடும். வெளியில் வைத்துச் சூடேற விடுங்கள். நாங்கள் 40 பாகை அளவுக்கு இளஞ்சூடாக்கித்தான் இறக்குகிறோம். சுவரில் ஒரு ஈரப்பதன்மானி தொங்குகிறது, 70 வீதத்தைத் தாண்டினால் அன்று தோய்ப்பதில்லை. அது எங்கள் பட்டறைச் சட்டம், உங்கள் மருந்தின் தாளில் வேறு எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தின்னரும் முக்கியம். வாகனப் பெயின்ட்டுக்கு விற்கிற மலிவான தின்னர் மிக வேகமாகப் பறப்பது. மருந்து செய்தவர் சொல்கிற, மெதுவாகக் காயும் தின்னரே வேண்டும்.

வெளுத்ததைக் காப்பாற்ற வழி உண்டு. ஹெயார் டிரையரைத் தூரப் பிடித்து, இளஞ்சூட்டில் காட்டுங்கள். தின்னர் ஆவி போக நேரம் கொடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து விலகி நின்று செய்ய வேண்டும். தெளிந்தால் ஈரம்தான் காரணம். சூடு காட்டியும் படலத்துக்கு அடியில் வெள்ளை நின்றால் அது வேறு வியாதி, கீழே கேற் மோட்டர் கதைக்குப் போங்கள்.

சின்னச் சின்னக் குழிகள், படலம் விலகி ஓடுகிறது

மீன்கண் மாதிரி வட்டக் குழிகள், நடுவில் வெறும் போர்ட் தெரியும். எண்ணெய்ப் பசை. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையால் போர்டைப் பிடித்திருக்கலாம், சிலிக்கோன் ஸ்ப்ரே யாராவது பக்கத்தில் அடித்திருக்கலாம். சிலிக்கோன் மகா பொல்லாதது. துளியளவு போதும், தொட்டி முழுக்கக் கெட்டுவிடும்.

குற்றம் போர்டிலா தொட்டியிலா என்று தெரிய ஒரு கண்ணாடித் துண்டை நன்றாகக் கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹோலால் துடைத்துத் தோயுங்கள். கண்ணாடியிலும் குழி விழுந்தால் தொட்டிதான் கெட்டது. கண்ணாடி சுத்தமாக வந்தால் போர்டைத் திரும்பக் கழுவுங்கள், இம்முறை இரண்டு கிண்ணத்தில்: முதல் கிண்ணம் அழுக்கை எடுக்க, இரண்டாவது அந்த அழுக்குக் கரைசலை எடுக்க. ஒரே கிண்ணத்தில் பத்துப் போர்ட் கழுவினால் பத்தாவதற்கு எண்ணெய் பூசிவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கெட்ட தொட்டிக்கு மருந்தில்லை. மீன்கண்ணைப் போக்க என்று விற்கும் சேர்மானங்கள் பலவற்றிலும் சிலிக்கோன்தான் இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றினால் அடுத்த படை ஒட்டாது. காசைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

குமிழிகள்

குமிழி ஐசியின் ஓரத்திலும் துளைகளின் வாயிலும் மட்டும் இருந்தால் போர்ட் வேகமாக இறங்கியிருக்கிறது. அடியில் இருந்த காற்றுக்கு வெளியேற நேரம் கிடைக்கவில்லை. சற்றுச் சரித்து, மெதுவாக இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை உள்ளேயே விடுங்கள். பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும் போர்டில் இதற்கு இரண்டு மூன்று நிமிடம்கூடப் போகும்.

போர்ட் முழுக்க ஊசிமுனை அளவில் இருந்தால் ஒன்றில் மருந்தைக் கலக்கிய கையோடு தோய்த்திருக்கிறீர்கள், அல்லது காயமுன் சூட்டில் வைத்துவிட்டீர்கள். மேல்தோல் இறுகிய பிறகு அடியில் தின்னர் கொதித்தால் குமிழி விடாமல் என்ன செய்யும்? அறைச் சூட்டில் வடிந்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகே, உலர்த்துவதற்கென்றே வைத்திருக்கும் அவனில் வையுங்கள்.

கீழ்ப்பக்கம் தடிப்பு, மேல்பக்கம் மெல்லிசு, விளிம்பில் துளி

தோய்த்தலின் முழுச் சூட்சுமமும் தூக்குகிற வேகத்தில்தான் இருக்கிறது. இறக்கும் வேகம் காற்றை வெளியேற்ற, தூக்கும் வேகம் தடிப்பைத் தீர்மானிக்க. பலரும் நினைப்பது, வேகமாகத் தூக்கினால் மெல்லிசாக வரும் என்று. தலைகீழ். வேகமாகத் தூக்கும்போது மருந்து வடிய நேரமில்லாமல் போர்டோடு சேர்ந்து மேலே வருகிறது, தடித்த படலம் கிடைக்கிறது. மெதுவாகத் தூக்கினால் வடிந்துகொண்டே வரும், மெல்லிசாக நிற்கும். லண்டாவும் லெவிச்சும் 1942இல் எழுதிய சமன்பாட்டின்படி தடிப்பு வேகத்தின் மூன்றில் இரண்டு அடுக்குப்படி கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடிப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கையால் தூக்குகிறவரின் கை நடுவில் ஒரு கணம் நின்றாலும் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். கியர் மோட்டர் வாங்கிய காரணமே அதுதான்.

வேகம் சரியாக இருந்தும் நாளுக்கு நாள் தடிப்பு ஏறினால் மருந்தின் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, ஏறியிருக்கிறது. நம்முடைய வெப்பத்தில் திறந்த தொட்டியிலிருந்து தின்னர் பறந்துகொண்டே இருக்கும். இதற்கு அடியில் துளையுள்ள அளவுக் கிண்ணம் இருக்கிறது. மருந்தை நிரப்பி, ஒழுக்கு அறுபடும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணுவது. புது மருந்து வாங்கிய அன்றே எண்ணித் தொட்டியின் மேல் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் எண்ணி, கூடியிருந்தால் தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணால் பார்த்து "இது சரி" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

தடிப்பை அளக்க விலை கூடிய கருவி தேவையில்லை. வெறும் போர்ட் துண்டு ஒன்றைத் திருகுக் கணிச்சியால் அளந்து, மற்றவையோடு சேர்த்துத் தோய்த்து, காய்ந்த பின் திரும்ப அளந்து, வித்தியாசத்தை இரண்டால் வகுங்கள். இரு பக்கமும் பூசியிருக்கிறது அல்லவா. அக்ரிலிக், யூரித்தேன், எப்பொக்சி மூன்றுக்கும் 30 முதல் 130 மைக்ரோன், சிலிக்கோனுக்கு 50 முதல் 210 மைக்ரோன் என்பது வழக்கமான வரம்பு. கூடப் பூசினால் கூடப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். தடித்த படலம்தான் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் விரிந்து சுருங்கி, பெரிய பாகங்களின் காலடியில் வெடிக்கிறது.

விளிம்புத் துளிக்கு: போர்டைத் தட்டையாகத் தூக்காமல் ஒரு மூலை கீழே வரும்படி தொங்கவிடுங்கள். ஒரே துளியாகச் சேரும். அதை நூல் விடாத துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

இதற்கு விடை சொல்ல எந்த மருந்து என்று தெரிய வேண்டும். அக்ரிலிக் என்றால் தடிப்புக் கூடிவிட்டது, அடியில் தின்னர் சிறைப்பட்டிருக்கிறது. ஒரு வாரம் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு போத்தல் கலக்கும் வகை என்றால் அளவு பிழைத்திருக்கிறது, அது எத்தனை வாரம் பொறுத்தாலும் காயாது, வழித்துப் போட வேண்டியதுதான்.

காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் சிலிக்கோனுக்கு நம்மூர் எதிர்ப்பக்கத் தொல்லை தருகிறது. போர்டில் நன்றாகவே இறுகும், ஆனால் தொட்டியிலும் தோல் கட்டிவிடும். ஒரு பகல் திறந்து வைத்த தொட்டியில் பால்கோவா மாதிரி ஆடை நிற்கும். அந்த வகையைத் தோய்க்காமல் தூரிகையால் பூசுவதுதான் புத்தி.

பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோன் ஒரு தனி ரகம். கந்தகம் பட்டால் அந்த இடத்தில் இறுகவே மாட்டாது. கந்தகம் எங்கிருந்து வரும்? உங்கள் கையுறையிலிருந்து. நம் நாட்டு இறப்பர்க் கையுறையும் தோய்த்துச் செய்கிற பொருள்தான்: பீங்கான் கை அச்சைக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, பிறகு இறப்பர்ப் பாலில் தோய்த்து எடுப்பார்கள். அந்த இறப்பரை வலுப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். படலத்தில் ஒட்டும் இடம் விரல் ரேகை வடிவில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள், அதிலும் கந்தகம் சேர்க்காததாகப் பார்த்து.

தோய்க்கும் வரை வேலை செய்தது, தோய்த்த பிறகு இல்லை

போர்ட் பழுதாகியிருக்காது. மருந்து போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. கனெக்டரின் ஊசிகள், மூடியில்லாத ரிலே, ஆளி, ட்ரிம்மர், பஸர், பற்றரிக் கூடு ஆகியவற்றைப் பாருங்கள். கனெக்டரை மருந்து மட்டத்துக்கு மேலே நிறுத்தித் தோய்த்தாலும் மயிர்த்துளைமை காரணமாக ஊசிகளுக்கு இடையால் ஏறிவிடும். அதனால் மட்டத்தை மட்டும் நம்பாமல், உரித்தெடுக்கும் இறப்பர் முகமூடியோ பொலியிமைட் டேப்போ போடுங்கள். சாதாரண மாஸ்க்கிங் டேப்பின் பசையைத் தின்னர் கரைத்துத் தொட்டிக்குள் கொண்டுவந்துவிடும். நான் ஒருமுறை பட்டது போதும்.

அக்ரிலிக் என்றால் தின்னர் தொட்ட தூரிகையால் ஊசிகளைக் கழுவலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே திருத்த வேலை செய்கிறவர்களுக்கு நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். சிலிக்கோன் சூடு நன்றாகத் தாங்கும், ஆனால் சாதாரணத் தின்னரில் கரையாது. ரிலேயின் உள்ளே போயிருந்தால் ரிலேயை மாற்றுங்கள், கழுவி மினக்கெட வேண்டாம்.

சில மாதத்தில் படலத்துக்கடியில் வெண்புள்ளி, பச்சை

மரைன் டிரைவ் பக்கத்து அன்ரி ஒருவர் கேற் மோட்டர் போர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, அண்டைக்குத்தானே பூசித் தந்தனீங்கள், திரும்பவும் கேற் பாதியில நிக்குது." வாங்கிப் பார்த்தேன். படலம் பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் ரிலேயின் இரண்டு கால்களுக்கு நடுவே, படலத்துக்கு அடியில், தலைமயிரைவிட மெல்லிய பச்சை நூல் ஒன்று ஓடியது. அதைச் சுற்றி ரவை சிந்தியதுபோல வெண்புள்ளிகள்.

தப்பு என்னுடையது. ரிலே மாற்றியபோது சோல்டர் பிடிக்கப் போட்ட ஃப்ளக்ஸ் பசையை ஆல்கஹோல் பஞ்சால் துடைத்துவிட்டுத் தோய்த்திருந்தேன். துடைத்தால் ஃப்ளக்ஸ் போவதில்லை. கரைந்து, பரந்து, மெல்லிய படையாகப் போர்ட் முழுக்க நிற்கிறது. அதோடு கடலுப்பும் இருந்தது. இந்தப் பூச்சுகள் நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியை முழுதாகத் தடுக்கா. அடியில் உப்பு இருந்தால் அது படலத்தின் ஊடாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம், உப்பு, இரண்டு கால்களுக்கு இடையில் மின்னழுத்தம்: செம்பு கரைந்து நூலாக வளர வேறென்ன வேண்டும்? பூசாமல் விட்டிருந்தால் ஒருவேளை ஈரம் காய்ந்தாவது போயிருக்கும்.

இப்படி வந்தால் செய்ய வேண்டியது:

1. அந்த மருந்துக்குரிய தின்னரில் போட்டுப் படலத்தை முழுக்க எடுங்கள். புள்ளியிருக்கும் இடத்தை மட்டும் சுரண்டாதீர்கள்.
2. ஆல்கஹோலில் அமிழ்த்தி மென்தூரிகையால் தேயுங்கள், ரிலே, ஐசி காலடிகளில் கூடக் கவனம்.
3. காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். உப்பு ஆல்கஹோலில் சரியாகக் கரையாது, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. திறந்த ரிலே, பஸர் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.
4. 60 முதல் 70 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் உலர்த்துங்கள்.
5. பச்சை ஓடிய இடத்தில் செம்புத் தடம் அறுந்திருக்கிறதா என்று மீற்றரால் பாருங்கள். அப்புறம்தான் தொட்டி.

அன்ரியிடம் காசு வாங்கவில்லை.

உரிந்து வருகிறது

நகத்தால் கீறினால் தாளாக வந்தால் ஒன்றில் கழுவல் பிழை, அல்லது பழைய பூச்சின்மேல் வேறு வகையைப் பூசியிருக்கிறீர்கள். சிலிக்கோன் பூசிய போர்டின்மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் சரியாக ஒட்டாது. கழற்றிவிட்டுப் பூசுங்கள்.

மோட்டர்ச் சுருளும் குறட்டுப் பிடியும்

பஞ்சிகாவத்தைப் பக்கம் மோட்டர் சுற்றுகிறவர்களும் தோய்த்துத்தான் வார்னிஷ் ஏற்றுகிறார்கள். சட்டம் ஒன்றேதான்: முதலில் சூட்டில் ஈரத்தைப் போக்கி, இளஞ்சூடாக இறக்கி, குமிழி நிற்கும்வரை விட்டு, வடியவிட்டுச் சுடுவது. சுருள் தட்டும்போது கலகலத்தால் வார்னிஷ் நடுவரை போகவில்லை. வெளியில் காய்ந்து உள்ளே காயாமல் இருந்தால் சூடு காணாது. எஃப் வகுப்பு மோட்டருக்கு, அதாவது 155 பாகை தாங்க வேண்டியதற்கு, அதே வகுப்பு வார்னிஷ்தான் வேண்டும்.

குறட்டின் பிளாஸ்டிக் பிடியும் தோய்ச்சல்தான், ஆனால் அங்கே தடிப்பைத் தீர்மானிப்பதில் உலோகத்தின் சூட்டுக்குப் பெரிய பங்கு. சூடான பிடியை பிவிசிப் பிளாஸ்டிக் குழம்பில் இறக்கினால் சூட்டுக்கேற்ற அளவு பிவிசி பிடித்துக்கொள்ளும். மெல்லிசாக வந்தால் வேகத்தைத் தொடாமல் முதலில் அடுப்பைப் பாருங்கள்.

வெளியே அனுப்பமுன்

பல மருந்துகளில் புற ஊதா ஒளிக்கு நீலமாக ஒளிரும் சாயம் கலந்திருக்கும். அறையை இருட்டாக்கி, நோட்டுப் பார்க்கிற டோர்ச்சால் போர்டைப் பாருங்கள். நீலம் பரவிய இடம் பூச்சு, கறுப்பு நின்ற இடம் வெறுமை. சோல்டர் செய்த கால்களின் கூர்முனைதான் வழக்கமாகக் கறுப்பாக நிற்கும். திரவம் கூர்மையிலிருந்து விலகி ஓடும், வடியும்போது அங்கே ஒன்றும் தங்காது. அந்த முனைகளை மட்டும் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு விடுங்கள். கனெக்டர் ஊசிகள் நீலமாகத் தெரிந்தால் அனுப்பாதீர்கள்.